யூனியனா, கப்ளிங்கா

எங்கள் குளியலறைக் குழாய்க்கு நான் சட்டை தைத்துப் போட்டிருந்தேன். சிரிக்காதீர்கள். ஹீட்டரிலிருந்து கீழே இறங்கும் இரும்புக் குழாய் துருப்பிடித்துக் கசிய ஆரம்பித்தபோது, மழைக்கோட்டுத் துணியில் ஒரு சாண் வெட்டி, இரண்டு பக்கமும் எலாஸ்டிக் வைத்து, நடுவில் ஒரு ஜிப்பும் வைத்துத் தைத்து மாட்டிவிட்டேன். தையல்காரிக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். மூன்று மாதம் தாங்கியது. அப்புறம் சட்டைக்குள்ளேயே தண்ணீர் சேர்ந்து, தொப்பை போட்டு, தரையில் சொட்டத் தொடங்கியது. பிளம்பரைக் கூப்பிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், நூற்றிருபது சீருடை தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நினைத்ததோடு சரி.

அந்த ஈரத்தில்தான் திங்கட்கிழமை காலை மாமா வழுக்கி விழுந்தார்.

மாமா என்றால் என் மாமனார். வயது எழுபத்தாறு. முப்பத்து மூன்று வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது, எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊர் பேச்சுப்படி, நடுவில் இருந்த ஆள் போனதும் மாமனார், மருமகள் என்கிற சொந்தமும் போயிருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் அப்படித் தோன்றவே இல்லை. அவர் முன்னறையில் பேப்பர் படிப்பார், நான் பக்கத்தில் மிஷினை மிதிப்பேன். சீருடைக்கெல்லாம் பட்டன் தைத்துத் தருவது அவர்தான். காலையில் டீ போடுவதும் அவர்தான். அதில் சர்க்கரை கூடிப் போச்சு, தூள் குறைந்து போச்சு என்று குறை சொல்வது என் வேலை. ஆறு வருஷமாக ஒரு நாளும் குறை சொல்லாமல் குடித்ததில்லை, ஒரு நாளும் மிச்சம் வைத்ததும் இல்லை.

விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்தபோது, "ஆனைக்கும் அடி சறுக்கும்மா" என்றார். எந்த ஆனையும் சோப்புத் தண்ணீரில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டு குளிக்காது என்று திட்டிக்கொண்டே டாக்டரிடம் கூட்டிப் போனேன். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு நாவல்பழ நிறத்தில் கன்றிப் போயிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஒரு போன் பண்ணி பிளம்பரை வரவழைக்காத என் சோம்பேறித்தனம்தான் அங்கே நிறம் மாறிக் கிடந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. அண்ணிக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். அண்ணி என் நாத்தனார், மாமாவின் ஒரே மகள். பெரிய பள்ளிக்கூடத்தில் தலைமை டீச்சர். ஐம்பத்திரண்டு வயதானாலும் மாமாவுக்கு அவர் இன்னும் 'பாப்பா'தான்.

"அந்த ஒழுகற வீட்டுல அப்பா இனிமே ஒரு நாளும் இருக்க வேணாம். ஞாயித்துக்கிழமை காலையில கார் எடுத்துக்கிட்டு வரேன். துணிமணியெல்லாம் எடுத்து வெச்சிரு" என்றார் அண்ணி.

அவர் சொன்னதில் தப்பு இருந்தால் அல்லவா சண்டை போடலாம்?

மாமாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். "பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவ்வளவுதான். 'நான் போகல' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. 'போகாதீங்க' என்று நான் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை. பெற்ற மகள் கூப்பிடுகிறாள், புருஷன் இல்லாத மருமகள் எந்த உரிமையில் குறுக்கே நிற்பது? அவர் போய்விட்டால் இந்த வீட்டில் என்னோடு பேச மிஷின் ஒன்றுதான் பாக்கி. அதை வெளியே சொல்லவும் வாய் வரவில்லை.

அதனால் குழாயைப் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒழுகல் நின்றுவிட்டால் அண்ணி சொன்ன காரணம் போய்விடும். காரணம் போனால் காரும் வந்த வழியே போய்விடும். இதுதான் என் கணக்கு.

பிளம்பர் செவ்வாய்க்கிழமை "நாளைக்கு வரேம்மா" என்றார். புதன்கிழமையும் அதையே சொன்னார். வியாழக்கிழமை போனையே எடுக்கவில்லை. அவருடைய நாளைக்கு எந்தக் காலண்டரிலும் தேதி கிடையாது போலிருக்கிறது. சரி, கை இருக்கிறது, கால் இருக்கிறது, நாமே பார்த்துவிடலாம் என்று முடிவு பண்ணினேன். மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டி வால்வை மூடினேன். குழாயின் சட்டையைக் கழற்றினேன். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பால் குழாயை அளந்தேன். இரண்டரையும் கொஞ்சமும் வந்தது. கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் ஒழுகாது என்று இரண்டரை என்றே குறித்துக்கொண்டேன்.

பைப் கடைக்காரர் எதை எடுத்தாலும் மேஜையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கொடுப்பார். உடைந்த சாமான் இல்லை என்று காட்டுவதற்காம்.

"ரெண்டரை இஞ்ச் எல்போ ஒண்ணு குடுங்க" என்றேன்.

"ரெண்டரையா? கழிவுத்தண்ணி லைனுக்காம்மா?"

தெரியாது என்று சொல்ல என் வாய் வராது. பிறவிக் கோளாறு. "ஆமா, லைனுக்குத்தான்" என்றேன்.

உள்ளே போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து தட்டிக் கொடுத்தார். மடக்கிய குழந்தைக் கால் அளவுக்கு இருந்தது. எனக்கே கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் கடைக்காரருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகிறது என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மாமா அதை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்ளோ இடம் கெடக்கு பாருங்க!" என்று கண்டக்டர் குரலில் கூவினார். சிரித்த சிரிப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, வலிக்குதும்மா, சிரிக்க வைக்காத" என்று கெஞ்சினார். நான் எங்கே சிரிக்க வைத்தேன்? எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"டேப் பொய் சொல்லுமா? அளந்துதானே வாங்கினேன்!"

"எப்படி அளந்த?"

"எப்படி அளப்பாங்க? சுத்தித்தான். இடுப்பு முப்பத்திரண்டுன்னா குறுக்காலயா அளக்கறோம்?"

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டெய்லரம்மா, நீ குழாய்க்கு பேண்ட் தைக்க அளவு எடுத்துட்டு வந்திருக்க. எனக்கும் இதெல்லாம் தெரியாது. ஆனா ரெண்டரை இஞ்ச்னா இவ்ளோ அகலம்னு மட்டும் தெரியும்" என்று விரலை விரித்துக் காட்டினார்.

"சிரிக்கறவங்களே போய் வாங்கிட்டு வாங்க" என்றேன்.

சும்மா கோபத்தில் சொன்னதுதான். அவர் வெள்ளிக்கிழமை காலையில் முகம் கழுவி, சட்டை போட்டு, குடையை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றார். "வா, போலாம்" என்றார்.

துருவில் இற்றுப்போன குழாயைக் கழற்றி எடுப்பது பெரிய வேலையாக இல்லை. கை வைத்ததும் பாதி உதிர்ந்தே விட்டது. அந்தத் துண்டையும், நேற்று வாங்கிய பூத எல்போவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். பத்து நிமிஷத்து வழி. எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வழியில் உள்ள பஸ் நிறுத்தம் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்தார். போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்து, "படிக்கட்டுல ஆள் நிக்குது, கண்டக்டர் தூங்கறான்" என்று மார்க் போட்டுக்கொண்டே வந்தார். வலி இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை. வேண்டாம், திரும்பிவிடலாம் என்று நான் மூன்று தடவை சொன்னேன். கேட்கவில்லை.

கடைக்காரர் துருப்பிடித்த துண்டை வாங்கி மேஜையில் தட்டினார். அது இரண்டாக உடைந்தது. "அரை இஞ்ச் லைன்மா இது. வெளிச்சுத்து கணக்கில்ல, உள் ஓட்டைதான் கணக்கு. நேத்தே இதக் கொண்டாந்திருக்கலாமே" என்றார். மாமா கூரையில் தொங்கிய வாளிகளை எண்ணுவது போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரியாதா?

"மறுபடி இரும்பே போட்டுடலாமா?" என்று மாமா கேட்டார்.

"போடலாம் சார். வெளிய பாக்க கல்லு மாதிரி நிக்கும், உள்ளுக்குள்ள துரு புடிச்சு அடைச்சுக்கிட்டே வரும். அடுத்தது இந்த வெள்ளை பிவிசி. பச்சைத் தண்ணிக்கு இதை அடிச்சிக்க ஆளில்ல, சுடுதண்ணி பட்டா துவண்டுரும். ஹீட்டர் லைனுக்கு இதுதான்" என்று சந்தன நிறத்தில் ஒரு குழாயை எடுத்துத் தட்டினார். "சிபிவிசி. சூடு தாங்கும், துருப் புடிக்காது. பசை போட்டு ஒட்டறதுதான். இரும்போட சேர்ற ரெண்டு முனையில மட்டும் பித்தளையில திருகு மரை வெச்ச அடாப்டர் போடணும். மேல இருக்கற இரும்புல மரை வெளியில இருக்கு, அதுக்குப் பெண் முனை. சுவத்துல மரை உள்ள இருக்கு, அதுக்கு ஆண் முனை."

இது எனக்கு உடனே பிடிபட்டது. ஜாக்கெட்டுக் கொக்கியும் கண்ணியும்தானே! முதல் தடவையாக அந்தக் கடையில் நிமிர்ந்து நின்றேன். இரண்டு இரும்பு முனைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று கேட்டார். இருபத்து மூன்று இஞ்ச், இந்தத் தடவை நேராகத்தான் அளந்தேன் என்றேன். கையோடு, "ஒவ்வொரு இணைப்புலயும் குழாய் கொஞ்சம் உள்ள போகுமே, அந்த அளவைச் சேர்த்துத்தானே வெட்டணும்? தையலுக்குத் துணி விடற மாதிரி?" என்று கேட்டேன்.

கடைக்காரர் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதை மறந்துட்டு வெட்டிப்புட்டு, மறுபடி குழாய் வாங்க வராத பிளம்பரே கெடையாதும்மா" என்றார்.

"யாருன்னு நெனச்சீங்க!" என்றார் மாமா. அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்க, இன்னும் நாலு பூத எல்போ வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு அலையலாம்.

"சரி, ஒரே குழாயா உள்ள சொருக முடியாது, ரெண்டு துண்டா வெட்டி நடுவுல சேர்க்கணும். யூனியன் போடட்டுமா, கப்ளிங் போடட்டுமா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"யூனியனா? அதுல நான் செயற்குழு உறுப்பினராவே இருந்தவன் தம்பி. பதினோரு நாள் பஸ்ஸ நிறுத்தியிருக்கோம்" என்றார் மாமா.

கடைக்காரருக்கும் சிரிப்பு வந்தது. இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்தார். "இது கப்ளிங். ரெண்டு பக்கமும் பசை போட்டுச் சொருகினா ஒட்டினது ஒட்டினதுதான். அப்புறம் ஏதாவதுன்னா அறுத்துத்தான் எடுக்கணும். இது யூனியன். நடுவுல இந்த வளையத்தைத் திருகினா சேரும், திருப்பினா பிரியும். ஸ்பேனர் இருந்தா போதும், கழட்டி மாட்ட ஒரே ஆள் போதும்."

மாமா யூனியனைக் கையில் எடுத்தார். திருகிப் பார்த்தார், பிரித்துப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை.

"இதையே குடுங்க. கூட ஒரு ஸ்பேனரும் குடுங்க" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "எப்படிக் கழட்டறதுன்னு இவர்கிட்ட இப்பவே கேட்டுக்கம்மா. நாளைப் பின்ன நீ ஒருத்தியா இருக்கும்போது ஒழுகினா, அந்த பிளம்பரைப் போய்க் கெஞ்ச வேணாம் பாரு. ஒரே ஆள் போதும்னாரே. உன் வீட்டுல இனிமே தண்ணிக்குக் கஷ்டம் வரக்கூடாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் இடுப்பு வலியோடு குடையை ஊன்றிக்கொண்டு இத்தனை தூரம் வந்தது குழாய் வாங்க இல்லை. தான் போன பிறகு நான் தனியாகச் சமாளிக்க ஏற்பாடு பண்ணிவிட்டுப் போக வந்திருக்கிறார். தெரிந்தவுடன் அழுகை வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

"யூனியன் வேணாம். கப்ளிங் குடுங்க" என்றேன்.

"யூனியன்தாம்மா நல்லது" என்றார் மாமா.

"எனக்கு வேணாம்."

"ஹீட்டர் லைனுக்கு யூனியன்தான் வசதிம்மா" என்று கடைக்காரர் நடுவில் வந்தார். "ஹீட்டரை ரிப்பேருக்குக் கழட்டணும்னா கூட..."

"உங்கள யாராவது கேட்டாங்களா?"

பாவம், அவர் கப்ளிங்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பின்வாங்கினார்.

"ஒட்டிட்டா பிரிக்க முடியாதேம்மா" என்றார் மாமா, மெதுவாக.

"பிரிக்க முடியாததுதான் வேணும்."

"பிரிக்க வேண்டி வந்தா?"

"வராது."

"வந்தா என்னம்மா பண்ணுவ?"

"வந்தா அறுத்துக்கிட்டுப் போங்க!"

எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "எனக்கு ஒரு வாஷர் மட்டும் போதும்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். மாமா யூனியனை இன்னும் ஒரு தடவை திருகி மூடி மேஜையில் வைத்தார். "கப்ளிங்கே குடுங்க தம்பி. டெய்லரம்மா தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது" என்றார். திரும்பி வரும் வழியில் பஸ்களுக்கு அவர் மார்க் போடவில்லை.

இப்போது யோசித்தால் கடைக்காரர் சொன்னதுதான் சரி. புத்தியுள்ளவள் யூனியன்தான் வாங்கியிருப்பாள். அன்றைக்கு எனக்குப் புத்தி வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வேலையை ஆரம்பித்தோம். குளியலறையில் இரண்டு பேர் நிற்பதே கஷ்டம். மாமா பிளாஸ்டிக் ஸ்டூலில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தார். வெளியே தெரிகிற மரைகளில் ஒழுகாமல் இருக்க வெள்ளை டேப்பைச் சுற்றி, அடாப்டர்களை இரும்போடு திருகினேன். குழாயை அளந்து, தையலுக்கு விட்டு, ரம்பத்தால் அறுத்தேன். சொரசொரப்பை உப்புத்தாளால் தேய்த்தேன். பசையைத் திறந்ததும் இரண்டு பேருக்கும் தலை சுற்றியது, ஜன்னலைத் திறந்துவிட்டோம். பசை தடவி, உள்ளே தள்ளி, கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் குழாய் தானாகவே பின்னால் நகர்ந்து வெளியே வந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். மேல் பாதி முடிந்தது. கீழ்ப் பாதி முடிந்தது. கடைசியாக நடுவில் அந்தக் கப்ளிங்.

மேல் துண்டை நான் கீழே அழுத்த வேண்டும், கீழ்த் துண்டை அவர் மேலே தள்ள வேண்டும். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் குனிந்தேன். முகத்துக்கு முகம் ஒரு சாண் இடைவெளி. இரண்டு பேரும் கையை எடுக்க முடியாது, எழுந்து போகவும் முடியாது.

"எண்ணுங்க" என்றேன்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

பன்னிரண்டு வரைக்கும் பொறுத்தேன். "போகாதீங்க மாமா" என்றேன்.

எண்ணிக்கை நின்றது.

"பாப்பா கூப்பிடறாளேம்மா."

"அவங்க கூப்பிடறாங்க. நான் இருங்கன்னு சொல்றேன். நாலு நாளா சொல்லணும்னு நெனச்சு வாய் வராம கெடந்தேன், இப்ப சொல்லிட்டேன்."

"நான் உனக்குச் சுமைதானே. விழுந்து கிழுந்து வெச்சு, உன் வேலையும் கெட்டு..."

"நீங்க விழுந்தது என் சோம்பேறித்தனத்தால. அதுக்கு நீங்க எதுக்கு மூட்டை கட்டணும்? நீங்க போயிட்டா யார் போட்ட டீயை நான் குறை சொல்றது? நானே போட்டு நானே திட்டிக்கவா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கப்ளிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. துடைத்துக்கொள்ளத்தான் கை இல்லை.

"எத்தனை எண்ணினேன்?" என்று கேட்டார்.

"தெரியல."

"அப்ப முதல்லேருந்துதான் எண்ணணும்" என்றார். ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். நடுவில் இன்னொரு தடவையும் விட்டுப் போனது, அதற்கும் முதலிலிருந்து எண்ணினோம். அரை நிமிஷத்துக்குப் பிடிக்க வேண்டியதை நாலைந்து நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்தோம். ஆனால் இருப்பேன் என்றோ போவேன் என்றோ அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் எழுந்து வந்தபோது அவருடைய பை வாசல் பக்கத்தில் நின்றது. அவரே கட்டி வைத்திருந்தார். டீயும் போட்டு வைத்திருந்தார். அன்றைக்கு மட்டும் நான் ஒரு குறையும் சொல்லவில்லை.

ஒன்பதரைக்கு அண்ணி வந்தார். அவரைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதீர்கள். அப்பாவின் இடுப்புக்குக் காரில் வைக்க ஒரு மெத்தையும், என் குளியலறைத் தரைக்கு ஒரு ரப்பர் விரிப்பும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். "அப்பா வரலைன்னாலும் நீயும் வழுக்கி விழக்கூடாதுல்ல" என்று சொன்னவர், சொன்னதை உடனே திருத்தி, "அப்பா கெளம்பிட்டாலும்" என்றார். குழாயைப் பார்த்து, நீயா பண்ணினாய் என்று ஆச்சரியப்பட்டார். ரெண்டு பேரும்தான் பண்ணினோம், பசை காய ராத்திரி முழுக்க விட்டோம், இப்போதுதான் தண்ணீர் திறக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

வால்வில் கை வைத்துக்கொண்டு நின்றேன். கீழே குளியலறை ஜன்னல் வழியாக மாமாவின் கண்டக்டர் குரல் வந்தது. "ரைட்!"

திறந்தேன். தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தம் கேட்டது. ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ஹோல்டான்!"

இரண்டு இரண்டு படியாக இறங்கி வந்தேன். கப்ளிங் காய்ந்த கட்டை மாதிரி இருந்தது, ஒரு துளி ஈரம் இல்லை. சுவரோரம், ஆண் முனை இரும்புக்குள் போகிற இடத்தில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. நின்று, கனத்து, விழுந்தது. அடுத்தது திரண்டது. என்ன தப்பு என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. வெள்ளை டேப்பை மரை திருகும் பக்கமாகச் சுற்ற வேண்டும். மேலே சரியாகச் சுற்றியிருந்தேன். கீழே, பாபினில் நூல் சுற்றிச் சுற்றிப் பழகிய கை, எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டது. இருபது வருஷத் தொழில் வேளை பார்த்து என் காலை வாரிவிட்டது.

அண்ணி அந்தச் சொட்டைப் பார்த்தார். "இன்னும் ஒழுகுது பாரு" என்றார். திட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "வாங்கப்பா, கெளம்பலாம்."

நான் சொல்ல வேண்டியதெல்லாம் நேற்றே சொல்லியாகிவிட்டது.

மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சொட்டுக்கு நேராக ஒரு குவளையை வைத்தார். நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"ஒழுகத்தான் செய்யுது. எங்க வீட்டுக் குழாய். நாங்க பாத்துக்கறோம்மா" என்றார்.

அண்ணி தலைமை டீச்சர். 'நம்ம'வுக்கும் 'எங்க'வுக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அந்த 'எங்க'வில் யார் யார் உள்ளே, யார் வெளியே என்று ஒரே நொடியில் புரிந்துவிட்டது. அவர் முகம் சின்னப் பெண்ணுடைய முகம் மாதிரி ஆனது.

"எங்க வீடா? அப்ப நான் யாருப்பா?"

மாமா ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மகளின் கன்னத்தைத் தொட்டார். "நீ என் பாப்பா. எப்ப வேணாலும் கார் எடுத்துக்கிட்டு வா, கூப்பிட்ட உடனே ஏறி உக்காந்துக்கறேன். இப்பவே வரேன், பை ரெடியா இருக்கு. நாலு நாள் உன்கூட இருப்பேன். அஞ்சாம் நாள் எங்க வீட்டுல கொண்டாந்து விட்டுடணும்."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "வியாழக்கிழமை சாயங்காலம் கொண்டாந்து விடறேன். நீ இருப்பல்ல?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பதில் சொல்ல வேண்டுமே என்று திறந்தேன், அழுதேன்.